காரில் ஏறும் சுமை எவ்வளவு பெட்ரோலைக் குடிக்கும்?

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள்தான். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்தில் இருக்கும் பாட்டி வீட்டுக்கு உங்கள் குடும்பம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். துணிப் பெட்டிகள், முறுக்கு டின்கள், இரண்டு மூட்டை அரிசி, பாட்டிக்கு வாங்கிய புது மின்விசிறி. காரின் பின்பக்கப் பெட்டி நிரம்பி வழிகிறது. எல்லாம் சேர்த்து 100 கிலோ இருக்கும்.

"இவ்வளவு சாமான் ஏத்தினா எண்ணெய் எப்படி நிக்கும்? பாதியை இறக்குங்க," என்கிறார் அப்பா.

"நெடுஞ்சாலையிலதானப்பா போறோம். எடையெல்லாம் ஒன்னும் தெரியாது," என்கிறார் அண்ணன்.

"பேசாம கூரை மேல வச்சுக் கட்டிடலாம்," என்கிறார் வழியனுப்ப வந்த சித்தப்பா.

மாணவர்களே, இந்த மூவரில் யார் சொல்வது சரி? இதற்கு விடை சொல்ல மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. இடைநிலைப்பள்ளி அறிவியலில் படிக்கும் விசை, வேலை, சக்தி ஆகிய மூன்றும் ஒரு பென்சிலும் போதும். வாருங்கள், சேர்ந்தே கணக்குப் போடுவோம்.

1 லிட்டர் பெட்ரோலில் என்ன இருக்கிறது?

1 லிட்டர் பெட்ரோலை முழுவதும் எரித்தால் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி கிடைக்கும். 1 மெகாஜூல் என்பது 10 லட்சம் ஜூல். ஆனால் இது அத்தனையும் காரை நகர்த்தப் பயன்படுவதில்லை. பெரும்பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. ஓடி வந்து நின்ற காரின் முன்மூடிக்கு அருகில் கையைக் கொண்டுபோனால் அந்தச் சூட்டை நீங்களே உணரலாம். புகைபோக்கி வழியாக வெளியேறும் சூடான வாயுவும், ரேடியேட்டர் வெளியேற்றும் சூடும் பெட்ரோலிலிருந்து வந்தவைதான்.

சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 32-ஐ 4-ஆல் வகுத்தால் 8. ஆகவே, நம் கணக்குக்கு 1 லிட்டர் பெட்ரோல் சக்கரத்துக்குத் தருவது 8 மெகாஜூல். இந்த எண்ணை ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள். கட்டுரை முழுவதும் தேவைப்படும்.

இந்த 8 மெகாஜூலைப் பங்கு கேட்டு நான்கு கடன்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

முதலாமவர், சுழலும் டயர். இரண்டாமவர், எதிரே நிற்கும் காற்று. மூன்றாமவர், நின்ற காரை வேகமெடுக்க வைக்கும் வேலை. நான்காமவர், மேடு ஏறும் வேலை.

இவர்களில் மூவர் காரின் எடையைப் பார்த்துத்தான் கடனைக் கேட்பார்கள். காற்று மட்டும் எடையைப் பற்றிக் கவலைப்படாது. அதற்கு வேண்டியது காரின் வடிவமும் வேகமும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மேலே உள்ள வாக்குவாதம் பாதி தீர்ந்துவிடும்.

டயர் ஏன் சக்தியைத் தின்கிறது?

சக்கரம் வட்டமானது. பிறகு ஏன் அது தானாகவே உருண்டுகொண்டிருப்பதில்லை?

காரின் டயரைக் குனிந்து பாருங்கள். தரையைத் தொடும் இடத்தில் அது சற்றே தட்டையாக இருக்கும். சக்கரம் சுழலும்போது டயரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வந்து நசுங்கி, மேலே போனதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. நசுக்குவதற்குச் செலவான சக்தி முழுவதையும் ரப்பர் திருப்பித் தருவதில்லை. கொஞ்சத்தை வெப்பமாக மாற்றிவிடுகிறது. ஒரு ரப்பர் வளையத்தை வேகமாக இருபது முறை இழுத்து விட்டு, உதட்டில் வைத்துப் பாருங்கள். இலேசான சூடு தெரியும். நெடுந்தூரம் ஓடிய டயர் சூடாக இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம்.

கார் கனமாக இருந்தால் டயர் கூடுதலாக நசுங்கும். எதிர்ப்பும் கூடும். தார்ச்சாலையில் சரியான காற்றழுத்தம் உள்ள கார் டயருக்கு, இந்த எதிர்ப்பு விசை காரின் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு.

இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள். அன்றாடப் பேச்சில் '1,000 கிலோ எடை' என்கிறோம். இயற்பியலில் கிலோகிராம் என்பது பொருண்மையின் அலகு. எடை என்பது பூமி அந்தப் பொருளை இழுக்கும் விசை. அதன் அலகு நியூட்டன். 1 கிலோ பொருண்மையின் எடை ஏறக்குறைய 10 நியூட்டன்.

நம் கார் சிறியது. ஆட்களும் சேர்ந்து 1,200 கிலோ. எடை 12,000 நியூட்டன். அதில் நூறில் ஒரு பங்கு 120 நியூட்டன். இதுதான் டயரின் எதிர்ப்பு. 100 கிலோ சாமான் ஏற்றினால் அது 130 நியூட்டனாகும். கூடுவது 10 நியூட்டன்.

காற்று கேட்கும் கடன்

ஓடும் காரின் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டக் கூடாது. அது ஆபத்து. ஆனால் சைக்கிளில் வேகமாகப் போகும்போது நெஞ்சில் மோதும் காற்றை நீங்கள் அறிவீர்கள். கார் முன்னே போக வேண்டுமானால் அந்தக் காற்றை ஒதுக்கிக்கொண்டே போக வேண்டும்.

காற்றின் எதிர்ப்புக்கு ஒரு குணம் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். ஒரு சிறிய காரின் முகப்பையும் வடிவத்தையும் வைத்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய இப்படி வரும்:

மணிக்கு 50 கிலோமீட்டர்: 80 நியூட்டன்
மணிக்கு 80 கிலோமீட்டர்: 210 நியூட்டன்
மணிக்கு 100 கிலோமீட்டர்: 325 நியூட்டன்
மணிக்கு 110 கிலோமீட்டர்: 390 நியூட்டன்

இந்தப் பட்டியலில் எங்காவது காரின் பொருண்மை வருகிறதா? வரவில்லை. உள்ளே ஒருவர் இருந்தாலும் ஐவர் இருந்தாலும் காற்றுக்கு ஒன்றுதான்.

நெடுஞ்சாலைக் கணக்கு

இப்போது பயணத்தைத் தொடங்குவோம். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த் ஏறக்குறைய 350 கிலோமீட்டர். சாலை சமமானது, வேகம் சீராக மணிக்கு 110 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

சாமான் இல்லாதபோது: டயருக்கு 120, காற்றுக்கு 390, மொத்தம் 510 நியூட்டன்.

வேலை என்பது விசையைத் தூரத்தால் பெருக்குவது. 510 நியூட்டனை 3,50,000 மீட்டரால் பெருக்கினால் 178.5 மெகாஜூல். அதை 8-ஆல் வகுத்தால் சுமார் 22.3 லிட்டர்.

சாமானோடு: 130-உம் 390-உம் சேர்ந்து 520 நியூட்டன். அதே கணக்கில் 182 மெகாஜூல். பெட்ரோல் 22.75 லிட்டர்.

வேறுபாடு எவ்வளவு? 0.45 லிட்டர் கூட இல்லை. 1 லிட்டர் 2 ரிங்கிட் என்று வைத்தால், 100 கிலோ சாமானைப் பாட்டி வீடு வரை கொண்டுபோக ஆகும் கூடுதல் செலவு 90 சென்னுக்கும் குறைவு! பெட்ரோல் செலவில் இது 2 விழுக்காடுதான்.

அப்பாவின் முகம் உங்கள் கண்முன் வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள். அவர் இன்னும் தோற்றுவிடவில்லை.

ஆனால் அதற்கு முன் ஒன்று. வேகத்தை 110-லிருந்து 100-க்குக் குறைத்தால் காற்றின் எதிர்ப்பு 65 நியூட்டன் குறைகிறது. அதை 3,50,000 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 23 மெகாஜூல். பெட்ரோலில் சுமார் 3 லிட்டர். அதாவது, சாமானை இறக்கி வைத்து மிச்சப்படுத்துவதைப்போல் ஆறு மடங்குக்கும் மேல்! பயணம் ஏறக்குறைய 20 நிமிடம் நீளும். அவ்வளவுதான்.

நகரத்தில் கதை மாறுகிறது

இப்போது அதே காரைக் கோலாலம்பூர் நகருக்குள் ஓட்டுவோம். சாலை விளக்கு, சந்திப்பு, பள்ளி வாசல், நெரிசல். ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒருமுறை கார் நின்று கிளம்புகிறது.

கனமான பொருளுக்குத் தன் நிலையை மாற்றிக்கொள்ளப் பிடிக்காது. நின்றால் நிற்கவே பார்க்கும். ஓடினால் ஓடவே பார்க்கும். இதை நிலைமம் என்கிறோம். படிவம் 4 இயற்பியல் பாடத்தில் 'இனெர்சியா' என்று படிப்பது இதைத்தான். பொருண்மை கூடினால் நிலைமமும் கூடும்.

நின்ற கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை, அதாவது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர் வேகத்தை எட்டும்போது அதனிடம் சேரும் இயக்கச் சக்தியைக் கணக்கிடுவோம்.

இயக்கச் சக்தி = ½ × பொருண்மை × வேகம் × வேகம்

½ × 1,200 × 14 × 14 = 1,17,600 ஜூல்

அடுத்த சிவப்பு விளக்கு வருகிறது. பிரேக்கை மிதிக்கிறோம். கார் நிற்கிறது. அந்த 1,17,600 ஜூல் எங்கே போனது? பிரேக்கின் உராய்வில் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிட்டது. பச்சை விளக்கு எரிந்ததும் அதே அளவு சக்தியைப் பெட்ரோலிலிருந்து மறுபடியும் வாங்க வேண்டும். அடுத்த விளக்கில் அதையும் வீணாக்குவோம்.

ஒவ்வொரு 500 மீட்டருக்கும் ஆகும் செலவை எழுதிப் பாருங்கள்:

வேகமெடுக்க: ஏறக்குறைய 1,18,000 ஜூல்
டயருக்கு (120 நியூட்டன் × 500 மீட்டர்): 60,000 ஜூல்
காற்றுக்கு: வேகம் குறைவு என்பதால் சுமார் 20,000 ஜூல்தான்

மொத்தம் 1,98,000 ஜூல். இதில் எடையையும் பொருண்மையையும் சார்ந்த பகுதி 1,78,000. அதாவது பத்தில் ஒன்பது பங்கு!

நெடுஞ்சாலையில் என்ன இருந்தது? 510 நியூட்டனில் 120 மட்டுமே எடையைச் சார்ந்தது. அது நான்கில் ஒரு பங்கை எட்டவில்லை.

இதுதான் இந்தப் பாடத்தின் மையம். எடை எவ்வளவு பெட்ரோலைக் குடிக்கும் என்பது எடையை மட்டும் பொறுத்ததில்லை. அந்த எடையை எத்தனை முறை நிறுத்திக் கிளப்புகிறோம் என்பதையும் பொறுத்தது. நெடுஞ்சாலையில் காற்றே பெரிய கடன்காரர். நகரத்தில் பொருண்மையே பெரிய கடன்காரர்.

உண்மையான நகரப் பயணத்தில் பெட்ரோல் செலவு நம் கணக்கைவிட அதிகமாக இருக்கும். நெரிசலில் என்ஜின் அவ்வளவு திறமையாக வேலை செய்வதில்லை. சிவப்பு விளக்கில் நிற்கும்போதும் அது பெட்ரோலை எரித்துக்கொண்டே இருக்கிறது.

மலை ஏறும்போது

பட்டர்வொர்த் பயணத்தில் ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதையை நெருங்கும்போது பார்த்திருப்பீர்கள். சமதரையில் நன்றாக ஓடிய லோரிகள் அங்கே இடது தடத்தில் ஊர்ந்து செல்லும். பல டன் சுமையை மேலே தூக்க வேண்டுமே!

கேமரன் மலைக்குப் போனால் இது இன்னும் தெளிவாகும். தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்றம் மட்டும் ஏறக்குறைய 1,400 மீட்டர்.

உயரம் ஏறத் தேவையான சக்தி, எடையை உயரத்தால் பெருக்கினால் கிடைக்கும். 12,000 நியூட்டன் × 1,400 மீட்டர் = 16.8 மெகாஜூல். இதற்கு மட்டும் 2.1 லிட்டர் பெட்ரோல். 100 கிலோ சாமான் இருந்தால் இன்னும் 1.4 மெகாஜூல் கூடும். அந்தச் சாமான் சமதரையில் 60 கிலோமீட்டர் ஓடக் கேட்டிருக்கும் சக்தி 0.6 மெகாஜூல்தான். மலைச்சாலையில் இரண்டும் சேர்ந்து 2 மெகாஜூலாகிறது. மூன்று மடங்குக்கும் மேல்.

"இறங்கும்போது அந்தச் சக்தி திரும்பக் கிடைக்குமே?" என்று நீங்கள் கேட்டால், அது நல்ல கேள்வி. ஓரளவு கிடைக்கும். இறக்கத்தில் கார் தானாக உருளும். இன்றைய கார்களில் கியரில் வைத்துக்கொண்டே எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்தால், என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் வளைவுக்கு வளைவு பிரேக் பிடிக்கும்போது மிச்சமெல்லாம் வெப்பமாகிவிடுகிறது.

சிலர் பெட்ரோலை மிச்சப்படுத்துவதாக நினைத்து இறக்கத்தில் 'நியூட்ரல்' போடுவார்கள். இது மிகவும் ஆபத்தானது. என்ஜின் காரைப் பிடித்து வைக்காததால் முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறினால் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் மெதுவாக இறங்குவதே சரி.

சித்தப்பாவின் யோசனை

சாமானைக் கூரை மேல் கட்டினால் என்ன ஆகும்? பொருண்மை அதே 100 கிலோதான். ஆனால் இப்போது காற்றுக்கு ஒரு புதிய தடை கிடைத்துவிட்டது. எடையைப் பற்றிக் கேட்காத அந்தக் கடன்காரர் இனி தன் பங்கைக் கூட்டிக் கேட்பார்.

கூரை மேல் பொருத்தும் பெரிய பெட்டி, விரைவுச்சாலை வேகத்தில் எரிபொருள் சிக்கனத்தை 10 முதல் 25 விழுக்காடு வரை குறைக்கலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை ஓட்டுநர்களுக்கு அறிவுறுத்துகிறது. நம் 22 லிட்டர் பயணத்தில் இது 2 லிட்டருக்கும் மேல். காருக்கு உள்ளே இருந்தால் அரை லிட்டருக்கும் குறைவாகச் செலவாகும் அதே சாமான், கூரைக்குப் போனதும் பல மடங்கு கேட்கிறது. கனமான பொருளைக் கூரையில் ஏற்றினால் வளைவுகளில் கார் சாயும் ஆபத்தும் கூடும். ஆகவே சித்தப்பாவின் யோசனைதான் மூன்றிலும் விலை அதிகமானது.

மறந்துபோன சுமை

இப்போது அப்பாவின் பக்கம் வருவோம். தீபாவளி முடிந்தது. சாமான் எல்லாம் பாட்டி வீட்டில் இறங்கியது. ஆனால் பின்பக்கப் பெட்டியைத் திறந்தால் அங்கே எப்போதும் சில பொருள்கள் கிடக்கின்றன. பழைய பேட்மிண்டன் பை, கருவிப் பெட்டி, தண்ணீர்ப் பாட்டில் கட்டு, யாரோ கொடுத்த பூந்தொட்டி. எல்லாம் சேர்த்து 40 கிலோ என்று வைப்போம். அப்பா ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் நகரத்துக்குள் ஓட்டுகிறார்.

ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இரண்டு முறை வேகமெடுக்க அந்த 40 கிலோ கேட்பது 7,840 ஜூல். டயர் வழியாகக் கேட்பது 4,000 ஜூல். இரண்டும் சேர்ந்து 11,840 ஜூல். இதை 6,000-ஆல் பெருக்கினால் 71 மெகாஜூல். பெட்ரோலில் ஏறக்குறைய 9 லிட்டர்.

தீபாவளிக்கு ஒருநாள் ஏற்றிய 100 கிலோ அரை லிட்டரைக்கூடத் தொடவில்லை. யாரும் கவனிக்காத 40 கிலோ ஓராண்டில் 9 லிட்டரைக் குடித்துவிட்டது! அப்பா சொன்னது தவறில்லை. சொன்ன இடம்தான் தவறு.

இதே கணக்கைக் கார் வாங்கும்போது போட்டுப் பாருங்கள். 1,000 கிலோ காருக்குப் பதிலாக 1,600 கிலோ கார் வாங்கினால் கூடுதல் 600 கிலோ. அது 40 கிலோவைப்போல் 15 மடங்கு. எனவே அதே நகர ஓட்டத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 130 லிட்டர் கூடுதல். பெரிய காரின் அகன்ற முகப்பில் காற்று கேட்கும் பங்கு இதில் சேரவில்லை. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. 130 லிட்டருக்கு ஏறக்குறைய 300 கிலோ. பின்பக்கப் பெட்டியிலிருந்து எடையை இறக்க முடியும். வாங்கிய காரின் எடையை இறக்க முடியாது. அது அந்தக் கார் ஓடும் காலம் முழுவதும் கூடவே வரும்.

இன்னும் சில ஆண்டுகளில் நீங்களும் ஓட்டுநர் உரிமம் எடுப்பீர்கள். முதல் வாகனத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள். அன்று இந்தக் கணக்கு நினைவுக்கு வந்தால் பாடம் பயன்பட்டுவிட்டது என்று பொருள்.

பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்?

வாகனத்தின் எடையைக் குறைப்பது பொறியாளர்களின் நெடுநாள் வேலை. ஃபோர்ட் நிறுவனம் 2015-ஆம் ஆண்டு மாடல் எஃப்-150 வண்டியின் உடலை எஃகுக்குப் பதிலாக அலுமினியக் கலவையில் செய்தது. அதனால் வண்டியின் எடை 300 கிலோவுக்கும் மேல் குறைந்தது. எடை குறைந்தால் சிறிய என்ஜினே போதும். சிறிய என்ஜினுக்கு இலேசான தாங்கிகள் போதும். ஒரு குறைப்பு இன்னொரு குறைப்புக்கு வழிவிடுகிறது.

இதன் எல்லை எது? 2005-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'பாக்-கார் 2' என்ற வாகனம், 1 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடான ஹைட்ரஜனில் 5,385 கிலோமீட்டர் ஓடும் அளவுக்குச் சிக்கனமாக ஓடி உலகச் சாதனை படைத்தது. அதன் எடை ஏறக்குறைய 30 கிலோ! ஓட்டுநர் அதைவிடக் கனமானவர். ஆனால் எடை மட்டுமே இந்தச் சாதனைக்குக் காரணமில்லை. நீர்த்துளி போன்ற வடிவம், மெதுவான வேகம், மிகக் குறைந்த எதிர்ப்புள்ள டயர்கள் என எல்லாக் கடன்காரர்களையும் ஒன்றாகச் சமாளித்தார்கள். இத்தகைய சிக்கன வாகனப் போட்டி நம் செப்பாங் பந்தயத் தடத்திலும் நடந்திருக்கிறது. ஆசிய மாணவர்கள் தங்கள் கையால் செய்த வண்டிகளை அங்கே ஓட்டினார்கள்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்கள் இன்னொரு வழியில் போகின்றன. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, இயக்கச் சக்தியில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. மின்கலத்தால் கார் கனமாகிறது. ஆனாலும் நின்று கிளம்பும்போது அந்தக் கனம் கேட்கும் கடனில் ஒரு பகுதி திரும்பி வந்துவிடுகிறது.

எதை இறக்கலாம், எதை இறக்கக் கூடாது?

எடையைக் குறைக்கிறேன் என்று உபரி டயரையும், ஜாக்கியையும், குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையையும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவை மிச்சப்படுத்தும் பெட்ரோல் மிகச் சிறிது. அவை இல்லாமல் போனால் வரும் துன்பம் மிகப் பெரிது.

நெடும்பயணத்துக்குச் சாமான் ஏற்றும்போது டயரின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத்துச் சட்டத்தில் பெரும்பாலும் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். முழுச் சுமைக்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும், அதிகம் சூடாகும், வெடிக்கவும் கூடும்.

நகரத்தில் ஓட்டும் பெரியவர்களுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்தால் அதுவரை வேகமாகப் போய்ப் பிரேக் பிடிக்க வேண்டாம். முன்கூட்டியே எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய இயக்கச் சக்தியிலேயே கார் உருண்டு போகும்.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு பொம்மைக் கார், ஒரு ரப்பர் வளையம், நூல், அளவுகோல், பழைய மின்கலங்கள் நான்கு.

பொம்மைக் காரின் முன்பக்கம் நூலையும், நூலின் நுனியில் ரப்பர் வளையத்தையும் கட்டுங்கள். வளையத்தைப் பிடித்துக் காரை மேசை மேல் இழுங்கள். கார் கிளம்பி வேகமெடுக்கும்போது வளையம் எவ்வளவு நீள்கிறது, சீராக ஓடும்போது எவ்வளவு நீள்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு இரண்டு மின்கலங்களை ஏற்றி, அதே வேகத்தில் இழுத்துப் பாருங்கள். அடுத்து நான்கு மின்கலங்கள். கடைசியாக மேசை மேல் துண்டை விரித்து எல்லாவற்றையும் மறுபடியும் செய்யுங்கள்.

கிளம்பும்போது வளையம் அதிகம் நீள்வதையும், சுமை கூடக்கூட இரண்டு அளவுகளும் கூடுவதையும் காண்பீர்கள். துண்டின் மேல் எதிர்ப்பு ஏன் கூடுகிறது? காற்று குறைந்த டயரோடு ஒப்பிட்டு யோசியுங்கள்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. "தொட்டியைப் பாதி நிரப்பினால் கார் இலேசாகும், பெட்ரோல் மிச்சம்" என்கிறார் நண்பர். 20 லிட்டர் பெட்ரோலின் பொருண்மை ஏறக்குறைய 15 கிலோ. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு இந்த 15 கிலோ எவ்வளவு பெட்ரோலைக் கேட்கும்?

2. 1,000 கிலோ காரில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் மட்டும் போகிறார். இன்னொரு நாள் அதே காரில் அவரைப் போன்ற ஐவர் போகிறார்கள். ஓர் ஆளுக்கு எத்தனை கிலோ நகர்கிறது?

3. தனியாகப் போகும் ஒருவரைச் சுமந்து செல்லும் 100 கிலோ காப்சாய் மோட்டார் சைக்கிளையும் இதோடு ஒப்பிடுங்கள்.

விடைகள்

1. 15 கிலோவின் எடை 150 நியூட்டன். டயரின் கூடுதல் எதிர்ப்பு 1.5 நியூட்டன். 1,00,000 மீட்டரால் பெருக்கினால் 0.15 மெகாஜூல். 8-ஆல் வகுத்தால் சுமார் 0.02 லிட்டர், அதாவது 20 மில்லிலிட்டர். ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்று அதிகம். இதற்காக அடிக்கடி எண்ணெய் நிலையத்துக்குத் திரும்பிப் போனால் மிச்சமான பெட்ரோல் அந்த வழியிலேயே தீர்ந்துவிடும்.

2. ஒருவர் மட்டும் போனால் 1,060 கிலோ. ஐவர் போனால் மொத்தம் 1,300 கிலோ, ஆளுக்கு 260 கிலோ. நான்கில் ஒரு பங்குக்குக் குறைந்துவிட்டது. பக்கத்து வீட்டு நண்பர்களோடு ஒரே காரில் பள்ளிக்குப் போவது எவ்வளவு பெரிய சிக்கனம் என்று இப்போது புரிகிறதா?

3. மோட்டார் சைக்கிளும் ஓட்டுநரும் சேர்ந்து 160 கிலோ. நெரிசலில் நின்று நின்று போகும் நகரத்தில் அது ஏன் குறைந்த பெட்ரோலில் ஓடுகிறது என்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இனி வீட்டில் இந்த வாக்குவாதம் வந்தால் தீர்ப்புச் சொல்ல நீங்கள் தயார். பாட்டிக்கான மின்விசிறியைத் தயங்காமல் காருக்குள் ஏற்றச் சொல்லுங்கள். அண்ணனிடம் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள். ஊரிலிருந்து திரும்பியதும் பின்பக்கப் பெட்டியைச் சுத்தம் செய்யும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.